சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள், ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். இனி என்ன செய்வது?

உங்கள் தம்பியை டீக்கடை வாசலில் வைத்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, மூன்று பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை ரெண்டு தரப்பும் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பி.சி.ஆர். கேஸ் (வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்) போட முடியுமா, முடியும் என்றால் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: "கேஸ் போட்ட பிறகு அதே தெருவில் நாங்கள் எப்படி இருப்பது?" எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகத் தெரிகிறது. முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்குச் சட்டம் பாதி பதில்தான் தரும், மீதியை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நான் வழக்கறிஞர். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் பல ஆண்டுகளாக நின்று வருகிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் படித்துவிட்டுச் சொல்கிறேன், புகாரின் நகலை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த ரசீதைப் பற்றி. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் தொடங்குகிறது. அரசு நிவாரணமும் டி.எஸ்.பி. விசாரணையும் அதற்குப் பிறகுதான். உங்கள் தம்பி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், அடித்தவர்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்கள் என்பதால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை எதுவும் தேவையில்லை என்று நேராகவே சொல்கிறது. அது வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்டேஷனில் பேசும்போது உதவும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்குப் பதியும் முன் டி.எஸ்.பி. விசாரிக்கலாம், கைதுக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போட்டது. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ-வைச் சேர்த்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே "முதல்ல விசாரிச்சுட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு ஆய்வாளர் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. குற்றவியல் நடைமுறைக்கான புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் சில குற்றங்களுக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு பிரிவு இருப்பதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது பொதுச் சட்டம். வன்கொடுமை வழக்குக்குத் தனிச் சட்டத்தின் 18ஏ இருக்கிறது என்று எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

அடுத்தது, நீங்கள் கொடுத்த மனு. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், ஸ்டேஷன் வாசலில் இருக்கும் ஒருவர் மனு எழுதிக் கொடுக்கிறார். அதில் "என்னைச் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசி அடித்தார்கள்" என்று ஒரே வரி இருக்கும். இந்த ஒரு வரியால் உடைந்துபோன வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் உங்கள் தம்பி அந்தச் சொற்களை முதல் தடவையாகச் சொல்லும்போது, "இதெல்லாம் புகாரில் இல்லையே, இப்போது சேர்த்துச் சொல்கிறீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் இருக்காது.

அதனால் இன்றைக்கே உட்கார்ந்து விரிவான புகார் ஒன்றை எழுதுங்கள். தம்பி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம், அவருடைய பேச்சு வழக்கு அப்படியே இருக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த டீக்கடை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா, நின்றிருந்தாரா, யார் முதலில் வந்தார், வந்தவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன. "இன்னார் மகன் இன்னார், பைக்கை என் காலுக்குக் கிட்டே நிறுத்தி, 'நீயெல்லாம் எங்களுக்குச் சமமா பெஞ்சுல உக்காருவியா' என்று கேட்டுச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்திருப்பதற்குள் இரண்டாவது ஆள் வலது கையால் என் இடது காதில் அறைந்தார்." இப்படி இருக்க வேண்டும். சாதிப் பெயரையும் கெட்ட வார்த்தைகளையும் இங்கே நான் எழுதவில்லை. புகாரில் நீங்கள் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கும், அம்மா படித்துவிடுவாரோ என்றும் தோன்றும். ஆனால் சொன்ன சொல் காகிதத்தில் இல்லாவிட்டால் அந்தக் குற்றமே காகிதத்தில் இல்லை. அந்த நேரத்தில் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் யார், கடையில் நின்றவர் யார் என்பதையும் பெயரோடு குறிப்பிடுங்கள். பெயர் தெரியாதவரை "பச்சைச் சட்டை போட்டிருந்த, பால் கேன் கொண்டுவந்தவர்" என்று அடையாளம் சொல்லி எழுதினாலும் போதும். மூன்று பேரும் தம்பியின் சாதியை அறிந்தவர்கள், ஒரே ஊர், எத்தனை வருடப் பழக்கம் என்ற வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். முதல் நாள் கொடுத்த மனுவின் சி.எஸ்.ஆர். எண்ணையும், இந்த விரிவான புகார் ஏன் தாமதமாக வருகிறது என்பதையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

யார் அங்கே இருந்தார்கள் என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய இரண்டு பிரிவுகளுமே "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" நடந்திருக்க வேண்டும் என்கின்றன. வீட்டுக்குள் நான்கு சுவருக்குள் வெளியாட்கள் யாரும் இல்லாமல் நடந்தால் இது பொருந்தாது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்டத்திலிருந்து போன கருப்புடையார் வழக்கிலும், அலுவலக அறைக்குள் நடந்த பேச்சு, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று சொல்லி வழக்கையே ரத்து செய்தது. டீக்கடை வாசல் என்பதால் இந்த விஷயத்தில் உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் கேட்டவர்கள் உறவுக்காரர்கள் மட்டும்தான் என்றால் நீதிமன்றம் யோசிக்கும். வெளியாள் ஒருவராவது வேண்டும்.

இங்கே பலரும், சில சமயம் போலீஸும் கூட, விட்டுவிடும் இன்னொரு பிரிவு இருக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 3(2)(வி.ஏ.). காயம் ஏற்படுத்துவது, வழிமறிப்பது, மிரட்டுவது போன்ற ஒரு பட்டியல் குற்றங்களை, எதிரே இருப்பவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்தே செய்தால் அதுவும் வன்கொடுமைதான். இதற்குப் "பொதுமக்கள் பார்வை" தேவையில்லை. தெரிந்துதான் செய்தார் என்று எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் 8-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஒரே ஊர்க்காரர்கள் என்ற வாக்கியத்தைப் புகாரில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். எஃப்.ஐ.ஆர். நகல் வந்ததும் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள்.

உங்கள் தம்பியும் திருப்பித் தள்ளினார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை மறைக்க வேண்டாம். "என்னை அடித்துக்கொண்டிருந்தபோது தற்காப்புக்காகத் தள்ளினேன், அவர் கீழே விழுந்தார்" என்று புகாரிலேயே இருக்கட்டும். ஏனென்றால் கவுண்டர் கேஸ், அதாவது எதிர்த்தரப்பு போடும் பதில் வழக்கு, அநேகமாக வரும். உங்கள் எஃப்.ஐ.ஆர். பதிந்த அன்றே, சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள், எதிர்த்தரப்பில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு புகார் கொடுப்பார். அதைக் காட்டி "நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாங்குவான்" என்பார்கள். கவுண்டர் கேஸ் வந்தால் ஜாமீன் எடுக்க வேண்டியிருக்கலாம், அலைச்சல்தான். ஆனால் அதனால் உங்கள் வழக்கு விழுந்துவிடாது. முதல் புகாரில் நடந்ததை முழுக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கவுண்டர் கேஸுக்கு வலு குறையும்.

காயம் சின்னதோ பெரிதோ, அரசு மருத்துவமனைக்குப் போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் உடனே போங்கள். போலீஸ் மெமோ இருந்தால்தான் பார்ப்போம் என்று சிகிச்சையை மறுக்க முடியாது. பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், "தெரிந்த மூன்று நபர்களால் இன்ன நாள், இன்ன இடத்தில் கையாலும் கட்டையாலும் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்" என்று ஒரு வரி எழுதுவார். நான் வழக்குக் கட்டில் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த வரியைத்தான். பயத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அந்த வரி கடைசி வரை எதிராகவே நிற்கும். காது வலி, கேட்பதில் குறை, தலைசுற்றல் எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அறை விழுந்த காது என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், செவிப்பறை கிழிந்திருந்தால் காயத்தின் தன்மையே மாறலாம். காயத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்க வேண்டாம்.

கடையிலோ எதிரே இருக்கும் கடையிலோ சி.சி.டி.வி. இருந்தால் அதுதான் இப்போது அவசரம். பல கருவிகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும். அந்தக் காட்சியைக் கைப்பற்றும்படி ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் எழுத்து மூலம் கேளுங்கள். பின்னால் "கிடைக்கவில்லை" என்று சொன்னாலும், கேட்டும் எடுக்கவில்லை என்பதற்கு உங்கள் கையில் கடிதம் இருக்கும். யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மட்டும் போதாது. எடுத்த போனிலேயே அசல் இருக்கட்டும், அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும், அசல் இருந்தால் அது சுலபம். அந்த வீடியோவை ஊர்க் குழுக்களில் பரப்பாதீர்கள். தம்பி அடிவாங்கும் காட்சியை ஊரே பார்ப்பது அவருக்கு இன்னொரு அவமானம்.

சரி, ஸ்டேஷனில் இன்னமும் பதிய மறுத்தால்? வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5-ஆவது விதியும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பி.என்.எஸ்.எஸ்.-இன் 173(4) பிரிவும் அடுத்த படியைச் சொல்கின்றன: புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புவது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தின் நகல் மாவட்ட ஆட்சியருக்கும், எஸ்.பி. அலுவலகத்தில் இயங்கும் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் போகட்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரிலேயே கொடுத்து மனு எண் வாங்குங்கள். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர், இது அவர் தனிப்பட்ட முறையில் செய்யும் உபகாரம் இல்லை. 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் கூப்பிட்டுப் பதிவு எண் பெறலாம், கட்டணம் கிடையாது. 2021-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். ஆணையங்கள் அறிக்கை கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் ஸ்டேஷனில் வேகம் வரும், ஆனால் ஆணையத்தை நம்பி மற்றதை நிறுத்திவைக்காதீர்கள். எஸ்.பி.யும் அசையவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கும் புகாரை நேரடியாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் இருக்கிறது. அங்கே முதல் கேள்வியே "எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா?" என்பதுதான். உள்ளூர் ஸ்டேஷனுக்குள் போகவே பயம் என்றால் வேறு எந்த ஸ்டேஷனிலும், எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லலாம்.

4-ஆம் பிரிவைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புகாரைப் பதியாத, சொன்னதை எழுதிப் படித்துக் காட்டாத, நகல் தராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வந்த பிறகே அந்த வழக்கு போட முடியும், நடைமுறையில் அது அரிது. மனுவில் ஒரு வரி குறிப்பிடலாம். ஆய்வாளர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிச் சண்டை போடுவதால் உங்களுக்குப் பயன் இல்லை.

எஃப்.ஐ.ஆர். பதிந்தபின் எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். நகல் இலவசம், அது உறுதி. விசாரணையை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் நடத்த வேண்டும், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். கைது மட்டும் உறுதி கிடையாது. திட்டுவதற்கான பிரிவுகளில் தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. ஏழு வருடத்துக்குக் குறைந்த குற்றங்களில் போலீஸ் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, இன்னும் ஏன் தூக்கலை" என்று குடும்பம் மனம் உடைவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். முன்ஜாமீனை 18-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் புகாரை மேலோட்டமாகப் படிக்கும்போதே வன்கொடுமைக் குற்றம் தெரியவில்லை என்றால் நீதிமன்றம் முன்ஜாமீன் தரலாம் என்பது இப்போது நிலைத்துவிட்ட சட்டம். அங்கேயும் புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும்.

ஜாமீன் மனு எதுவாக இருந்தாலும் உங்கள் தம்பிக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது. இது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. நடைமுறையில் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வரும், "இன்னிக்கு பெயில், வர்றீங்களா" என்று. போங்கள். வக்கீல் இல்லாவிட்டாலும் தம்பி தமிழிலேயே நீதிபதியிடம் சொல்லலாம்: வழக்குக்குப் பிறகு யார் வந்து மிரட்டினார்கள், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள். போதிய அவகாசம் தரவில்லை என்பதையும் சொல்லி நேரம் கேட்கலாம். ஜாமீன் கிடைத்தாலும், ஊருக்குள் வரக் கூடாது, சாட்சிகளை அணுகக் கூடாது என்று நிபந்தனை போடச் சொல்லிக் கேட்க இதுதான் சந்தர்ப்பம்.

பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் விட்டிருக்கலாம், நானே சொல்லிவிடுகிறேன். அரசு நிவாரணம் உரிமை. அதை வாங்குவதால் "காசுக்காகக் கேஸ் போட்டார்கள்" என்று ஊரில் பேசுவார்கள். வாங்காவிட்டாலும் பேசுவார்கள். 2016-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றங்களுக்கு 1 லட்சம் ரூபாய். அதில் கால் பங்கு எஃப்.ஐ.ஆர். நிலையிலும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும், மீதிக் கால் பங்கு தண்டனைத் தீர்ப்பு வந்ததும் கிடைக்கும். விதிப்படி முதல் நிவாரணம் ஏழு நாளுக்குள். இந்த ஏழு நாள் கணக்கு எப்போதும் நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரைப் பார்த்தால் கோப்பு நகரும். மத்திய விதியில் உள்ளது அடிப்படைத் தொகை, மாநில அரசு கூட்டித் தரலாம். அதனால் இப்போதைய பட்டியலை அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகும் செலவும், அந்த நாளின் கூலியும் 11-ஆவது விதியில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்காமல் கிடைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாதிச் சான்றிதழ் என்றதும் ஒன்று. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களுக்கே பட்டியல் சாதி என்ற நிலை. குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தால், தெருவில் அதே சாதியாக நடத்தப்பட்டாலும் இந்தச் சட்டம் கைகொடுக்காது. பொதுவான தண்டனைச் சட்டம் மட்டுமே. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் இன்றைய சட்டம் இதுதான். பழங்குடியினருக்கு மத நிபந்தனை இல்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். வழக்கு பதிந்த முதல் வாரத்தை விட, மூன்றாவது மாதத்தில் இருந்துதான் கஷ்டம். முதல் வாரம் எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். பிறகு வருவது குறையும், அழுத்தம் கூடும். வயல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கடையில் கடன் நிற்கும், சொந்தக்காரர்களே "எதுக்கு வம்பு" என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள், தம்பியிடம் தனியாகப் பேசப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: தம்பி யாரோடும் தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. சமாதானமாகப் போவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் வாழப்போவது நீங்கள், முடிவும் உங்களுடையது. ஆனால் இது ஸ்டேஷனில் பேசி முடிக்கக்கூடிய வழக்கு இல்லை. பின்னால் ரத்து செய்வதென்றாலும் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், அங்கே மனப்பூர்வமான சமாதானமா, மிரட்டலா என்று பார்ப்பார்கள். கூண்டில் ஏறி, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

வேலை மறுப்பு, கடையில் பொருள் தர மறுப்பு, தண்ணீர், பாதை மறிப்பு எல்லாம் இதே சட்டத்தில் தனிக் குற்றங்கள். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி வாரியாக எழுதிக்கொண்டே வாருங்கள், உங்கள் கையெழுத்திலேயே. மிரட்டல் அதிகமானால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு போடலாம். ரோந்து, வீட்டுக்குக் காவல், தேவைப்பட்டால் இடமாற்றம் வரை அதில் வழி உண்டு. கொஞ்ச காலம் தம்பி வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருப்பது பாதுகாப்பு என்று தோன்றினால் அனுப்புங்கள், அது ஓடிப்போனதாகாது. விசாரணை அதிகாரிக்கு முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும்.

துணைக்கு யார் என்றால், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். அரசுத் தரப்பில் சிறப்பு வழக்கறிஞர் இருப்பார், ஆனால் அவர் கையில் வழக்குக் கட்டுகள் அதிகம். உங்கள் பக்கம் ஒருவர் இருப்பது நல்லது. அமைப்புகளின் உதவியைப் பெறும் உரிமையையும் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்திருக்கிறது, "வெளியாட்களைக் கூட்டி வராதே" என்று ஸ்டேஷனில் சொன்னால் இதைச் சொல்லுங்கள். மதுரையில் எவிடென்ஸ், மக்கள் கண்காணிப்பகம், பல மாவட்டங்களில் கிளை உள்ள தீண்டாமை ஒழிப்பு முன்னணி ஆகியவை இத்தகைய வழக்குகளில் பழக்கம் உள்ளவை. ஒருவரை அணுகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சாட்சி விசாரணை வரை கூட இருப்பீர்களா? முதல் நாள் பேட்டியோடு போகிறவர்களால் உங்களுக்கு ஆவது குறைவு.

தம்பி ராத்திரி தூங்குவதில்லை, வேலைக்குப் போகவில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வக்கீலாக எனக்கு இதில் பயிற்சி கிடையாது, ஆனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அடியின் வலி போன பிறகும், அத்தனை பேர் பார்க்க நடந்தது என்பது உள்ளே நிற்கும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அந்தச் சிகிச்சைச் சீட்டுகளையும் மற்ற காகிதங்களோடு வையுங்கள். சம்பவத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப அவரிடம் விசாரிக்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்ல வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களுக்கு அலைவதை நீங்களோ இன்னொருவரோ ஏற்றுக்கொள்ளலாம், கையெழுத்துக்கு மட்டும் அவர் வந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். அதற்கு முன்பே விரிவான புகாரை எஸ்.பி.க்கு அனுப்பிவிட்டு, எழுத்து மூலம் புகார் கொடுத்துள்ளோம், வழக்குப் பதிந்து விசாரிக்கவும் என்று ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். வந்ததும் அதில் எந்தெந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும், பெயர்களும் ஊரும் இல்லாமல், இங்கே எழுதுங்கள். விட்டுப்போன பிரிவு இருந்தால் சொல்கிறேன்.